உறை பிரிக்காத பின்சீட்டு

எங்கள் தெருவில் யார் கார் வாங்கினாலும் என்னிடம் ஒரு நடை வந்துவிட்டுத்தான் போவார்கள். நான் கார் விற்கிறவன் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. திருவொற்றியூரில் என்னைக் 'கார் இடிக்கிற கம்பெனியில இருந்தாரே, அவரு' என்றுதான் அடையாளம் சொல்வார்கள். முன்பெல்லாம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?" இப்போது அது மாறிவிட்டது. "எத்தினி ஸ்டாரு?" என்கிறார்கள். மோதல் சோதனையில் கார் வாங்கும் நட்சத்திரங்களைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷமே.

போன மாதம் மூன்றாம் வீட்டு லோகநாதன் தன் புது செடானை என் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். துறைமுகத்தில் சரக்கு லாரிகளுக்கு வாடகை பிடித்துக் கொடுக்கிறவர்.

"அஞ்சு ஸ்டாரு மாமு. இன்னா சொல்றே?"

நான் பின்கதவைத் திறந்தேன். சீட்டின் மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே பளபளத்தது.

"இதப் பிரிக்கலையா?"

"ஐய, இன்னாத்துக்குப் பிரிக்கிறது? சீட்டு கலீஜாயிடும்ல?"

பிரித்துவிடுங்கள் என்று சொன்னேன். பிரிக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பிளாஸ்டிக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் முதலில் பத்திரிகைப் புகைப்படக்காரன். ராயபுரத்தில் இருந்த ஒரு நாளிதழில் வேலை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி எதன் மீதாவது மோதினால் எனக்குத்தான் முதலில் போன் வரும். அங்கே கற்றது கொஞ்சம்தான். எதையும் நகர்த்தக்கூடாது. தூரத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று என்று எடுக்க வேண்டும். படத்தின் கீழ் பார்த்ததை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக்கூடாது. பிறகு எண்ணூருக்குப் போகும் வழியில் ஒரு கார் கம்பெனி சொந்தமாக மோதல் சோதனைக்கூடம் கட்டியது. விபத்தைப் படமெடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான். பத்திரிகையில் விபத்து முடிந்த பிறகு ஓடுவேன். இங்கே நான் கேமராவைச் சரிசெய்யும் வரை விபத்து காத்திருக்கும். வேகக் கேமராக்களைக் கையாளச் சில மாதங்களில் பழகிக்கொண்டேன். மற்றதெல்லாம் எண்ணூர் சாலையில் பழகியதுதான்.

சோதனைக்கூடத்தின் தலைவி பிலோமினா மேடம். ராயபுரத்துப் பெண். அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மேடத்தின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கார் தடுப்பில் மோதிய மறுகணம் பொறியாளர்கள் எல்லாரும் கணினித் திரையை நோக்கி ஓடுவார்கள். தலைக்கு எவ்வளவு அடி, மார்பு எவ்வளவு அமுங்கியது, தொடை எலும்பு எவ்வளவு தாங்கியது என்று எண்கள் வரும். மேடம் ஓடமாட்டார். தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பெட்ரோல் தொட்டி கசியவில்லை என்று தெரிந்ததும் கோட்டைத் தாண்டி முதலில் போகிற ஆள் நான். நான் படமெடுத்து முடிக்கும் வரை காரை யாரும் தொடக்கூடாது. அது அவர் போட்ட விதி. நான் உள்ளே குனிந்ததும் பின்னாலிருந்து அவர் குரல் வரும்.

"எங்க உக்காந்திருக்காங்க?"

எப்போதும் அதே கேள்விதான். ஒருமுறை காரணம் கேட்டேன்.

"நம்பர் பொய் சொல்லாது கஜா. ஆனா நாம கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். சென்சார் இல்லாத எடத்துல அடிபட்டா அதுக்கு எப்பிடித் தெரியும்? உக்கார வெச்ச எடத்துலயே ஆள் இருக்காங்களான்னு மொதல்ல பாருங்க. மிச்சத்த அப்புறம் கணக்குப் போட்டுக்கலாம்."

ஆள் என்று அவர் சொன்னது பொம்மைகளை. எங்களிடம் ஒரு குடும்பமே இருந்தது. ஓட்டுநர் இடத்தில் உட்காரும் ஆண் பொம்மைக்கு 'மேஸ்திரி' என்று பெயர். பின்சீட்டில் உட்காரும் சிறிய பெண் பொம்மைக்கு 'அண்ணி'. பெயர் வைத்தது தேசப்பன். வியாசர்பாடிக்காரர், இளவயதில் குத்துச்சண்டை ஆடியவர். பொம்மைகள் முழுக்க அவர் பொறுப்பு. விலா எலும்புகளில் ஒட்டிய ரப்பர் சூட்டில் இளகிவிடும் என்பதால் பொம்மைகளை எப்போதும் ஏசி அறையில்தான் வைப்பார்கள். சோதனைக்கு முன் ஒவ்வொரு மூட்டையும் தேசப்பன் திருகி இறுக்குவார். பொம்மையின் கையை நேராக நீட்டிவிட்டால் அது அப்படியே நிற்க வேண்டும். விரலால் தட்டினால் விழ வேண்டும். அந்தப் பதம் வரும் வரை விடமாட்டார். பிறகு சாயம் பூசுவார். நெற்றிக்கு நீலம், மூக்குக்கு மஞ்சள், தாடைக்குப் பச்சை, முழங்காலுக்குச் சிவப்பு. மோதிய பிறகு எந்த நிறம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் எந்த உறுப்பு எங்கே இடித்தது என்று தெரிந்துவிடும்.

"தேசா, அண்ணிக்கு மேக்கப் முடிஞ்சுதா? லைட்டு போடணும்" என்று அவசரப்படுத்துவேன்.

"இரு மாமு. கல்யாணத்துக்கா போறாங்க? செவுத்துல முட்டத்தானே போறாங்க? அதுக்கு இன்னா அர்ஜென்டு?"

கம்பெனி புதிதாக ஒரு குடும்பச் செடான் செய்தது. அம்மா, அப்பா, பிள்ளைகள், பின்னால் மாமியார் என்று ஐந்து பேர் ஏறுகிற கார். அதன் திட்டத் தலைவர் ராகவன். கெட்டிக்காரர். காரின் ஒவ்வொரு தகட்டுக்கும் பாடுபட்டவர். அதன் முதல் சொந்தச் சோதனை நாளில் எங்களோடு வந்து நின்றார்.

காரின் அடியில் இழுவைக் கம்பியை மாட்டினார்கள். பெரிய விளக்குகள் எரிந்தன. சங்கு ஒலித்தது. மணிக்கு அறுபத்து நாலு கிலோமீட்டர் வேகத்தில் கார் வந்து, முகத்தின் வலப்பக்கம் மட்டும், பாதிக்கும் கொஞ்சம் குறைவாக, தேனடை போல் செய்த அலுமினியத் தடுப்பில் மோதியது. எதிரே வரும் வண்டியோடு மோதினால் பெரும்பாலும் இப்படித்தான் இடிபடும். காலிக் கன்டெய்னர் ஒன்று கிரேனிலிருந்து நழுவி விழுந்தது போல ஒரு சத்தம் வந்தது. கண்ணை இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் கோட்டைத் தாண்டினேன். முன்பாகம் சுருங்கியிருந்தது. சுருங்கத்தான் வேண்டும், அடியை அது வாங்கிக்கொண்டால்தான் உள்ளே வராது. கண்ணாடியைத் தாங்கும் தூண் வளையவில்லை. ஓட்டுநர் கதவு ஒரு கை இழுப்புக்குத் திறக்கும் என்று பார்த்ததும் தெரிந்தது. காலடித் தகடு மடங்கவில்லை. காற்றுப்பையின் நட்டநடுவில் மேஸ்திரியின் நீலமும் மஞ்சளும் அழகாகப் பதிந்திருந்தன. நல்ல கார்.

"எங்க உக்காந்திருக்காங்க?"

பின்சீட்டைப் பார்த்தேன்.

"அண்ணி எறங்கிட்டாங்க மேடம்."

அண்ணியின் இடுப்பு சீட்டின் விளிம்புக்கு வழுக்கி வந்திருந்தது. முழங்கால்களின் சிவப்பு முன்சீட்டின் முதுகில் அப்பியிருந்தது. இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டிய பெல்ட் மேலேறி அடிவயிற்றுக்குள் புதைந்திருந்தது. இடுப்பெலும்பு அந்த விசையைத் தாங்கும். வயிற்றில் தாங்குவதற்கு எலும்பு கிடையாது, குடலும் கல்லீரலும்தான் உண்டு. வெளியே கீறல் கூட இருக்காது. எண்ணூர் சாலையில் 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்று எழுந்து நின்று பேசிய ஒரு பெண்ணை நான் படமெடுத்திருக்கிறேன். மறுநாள் செய்தியில் அவர் பெயர் இறந்தவர்கள் பத்தியில் வந்தது.

தேசப்பன் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். "ரிங்குல பெல்ட்டுக்குக் கீழ குத்துனா ஃபவுலும்பாங்க. இங்க பெல்ட்டே குத்திகீதே மாமு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ராகவன்தான் முதலில் கவனித்தார். "இதென்ன சீட்டுல? யாரு இந்தக் கவரப் பிரிக்காம விட்டது?"

சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை இருந்தது. சோதனைக்கு முன் அதைப் பிரிக்க வேண்டும். மோதலுக்கு முன் நான் எடுத்த படங்களிலும் அது பளபளவென்று தெரிந்தது. சீட்டைப் பொருத்தியவர்கள், பொம்மையை உட்கார வைத்தவர்கள், அளவெடுத்தவர்கள், நான், மேடம் எல்லாருமே அதைப் பார்த்தோம். யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. புது சீட்டு என்றால் பிளாஸ்டிக்கோடுதானே இருக்கும்? எங்கள் கண்ணுக்கு அதுதான் பழக்கம்.

ராகவனின் முகம் தெளிந்தது. "அப்ப இந்த டெஸ்டே செல்லாது. கவரப் பிரிச்சிட்டு மறுபடி பண்ணுங்க."

பண்ணினோம். உறை இல்லாத துணிச் சீட்டில் அண்ணி நகரவே இல்லை. எண்கள் எல்லாம் பச்சையில் வந்தன. பொறியாளர்கள் கை தட்டினார்கள். பின்சீட்டின் அச்சுகளை வார்க்கத் தொழிற்கூடம் தயாராக இருந்தது. அதற்கு மேடம் ஒரு வார்த்தை சம்மதம் சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை.

"ரூல்படி பாஸ் ஆயிடுச்சே மேடம், இன்னும் என்ன?" என்றார் ராகவன்.

"ரூல்படி பாஸ்தான் சார். ஆனா வாங்குறவங்க ரூல்படி உக்கார மாட்டாங்களே. பிளாஸ்டிக்கு மேல உக்காந்தாலும் அண்ணி வழுக்காம நிக்கணும். அப்பிடி ஒரு சீட்டு பண்ணலாம்."

"பிளாஸ்டிக்க எடுத்துடுங்கன்னு கார் கூட குடுக்குற புத்தகத்துல தெளிவா போட்டிருக்கோம்."

"உங்க கார் கூட குடுத்த புத்தகத்த நீங்க படிச்சீங்களா சார்?"

ராகவன் இரண்டு நாளில் பெரிய கூட்டம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "கஜா, மதியச் சாப்பாட்டு நேரத்துல நம்ம பார்க்கிங்க ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. எல்லாக் காரோட பின்சீட்டையும் கண்ணாடி வழியா எடுங்க. எதையும் தொடாதீங்க."

கேமராவோடு போனேன். வெயிலில் வரிசையாக எங்கள் ஊழியர்களின் கார்கள் நின்றன. ஒவ்வொரு கண்ணாடியிலும் மூக்கை வைத்துப் பார்த்தேன். பெரும்பாலான கார்களில் பிளாஸ்டிக் பிரிக்கப்படவில்லை. சிலவற்றில் அது மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டப்பட்டு, ஆனாலும் இருந்தது. ஒரு காரில் பிளாஸ்டிக்கின் மேல் துண்டு விரித்திருந்தார்கள், துண்டு அழுக்காகாமல் இருக்க அதன் மேல் இன்னொரு பிளாஸ்டிக். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எண்ணூர்ப் பக்கம் காரை ஓர் இரவு வெளியே விட்டால் காலையில் நிலக்கரித் தூசு படிந்திருக்கும். காசிமேட்டிலிருந்து வருகிறவர்கள் மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். உப்புக் காற்றும் வேர்வையும் வேறு. மாதாகோயில் வாசலில் ஃபாதர் தீர்த்தம் தெளிக்கிற காரானாலும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுகிற காரானாலும், பின்சீட்டு பிளாஸ்டிக்கோடுதான் இருக்கும். கடன் வாங்கி வாங்கிய பொருள் கெட்டுப்போகக்கூடாது என்று நினைப்பது குற்றமில்லையே.

கூட்டத்தில் மேடம் என் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போடச் சொன்னார். முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு தங்கள் கார்கள் வர ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. கடைசிப் படம் ஒரு நீலக் கார். பின்சீட்டு பிளாஸ்டிக்கின் மடிப்பில் பிஸ்கட் தூள், ஓரத்தில் ஒரு பொம்மை யானை. பெல்ட்டின் பூட்டு பிளாஸ்டிக்குக்கு அடியில் புதைந்து கிடந்தது.

ராகவனே வாயைத் திறந்தார்.

"என் வண்டிதான். எத்தன தடவ சொல்லியும் வீட்ல பிரிக்க விடல."

"எங்க வீட்லயும்தான் சார்" என்றார் மேடம். "நாம சொல்லியே கேக்கல. புத்தகம் சொன்னா கேப்பாங்களா?"

நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. மாற்றிய சீட்டோடு ஒரே ஒரு கார், ஒரே ஒரு மோதல். பிளாஸ்டிக்கோடு அண்ணி நின்றால் அந்தச் சீட்டுதான் எல்லாக் காருக்கும் போகும். வழுக்கினால் கார் பழைய சீட்டோடு விற்பனைக்குப் போகும், அதைப் பற்றி யாரும் மறுபடி பேசக்கூடாது. சொந்தமாகச் சோதனை செய்யும் உரிமையும் எங்களுக்கு இனி கிடையாது, விதி கேட்கிற சோதனைகள் மட்டும்தான். மேடம் அதற்கும் சரி என்றார்.

மாற்றம் வெளியே தெரியாத ஒன்று. பஞ்சுக்கு அடியில், தொடை உட்காரும் இடத்தில், எஃகுத் தகட்டை இரண்டு விரல் உயரத்துக்கு மேடாக அழுத்தினார்கள். இடுப்பு முன்னே வழுக்கினால் அந்த மேட்டில் முட்டி நிற்கும். பெல்ட் தரையோடு பிணைக்கப்படும் புள்ளியையும் மாற்றினார்கள், அது இடுப்பை இன்னும் செங்குத்தாகக் கீழே பிடிக்கும்படி. உட்கார்ந்தால் தொடைக்கு உறுத்துமோ என்று ராகவனுக்குக் கவலை. ஒரு நாள் தன் மனைவியையே கூட்டிவந்து மாதிரிச் சீட்டில் உட்கார வைத்தார். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பழசுக்கு இது தேவல, முட்டி வலிக்கல. இதுக்குக் கவர் குடுப்பீங்கல்ல?" என்றார். மேடம் திரும்பி நின்று சிரித்தார்.

அந்த ஒரே மோதலின் நாள் வந்தது. தேசப்பன் அண்ணியை உட்கார வைத்தார். பெல்ட்டை மாட்டினார். பிளாஸ்டிக்கின் சுருக்கத்தை உள்ளங்கையால் தடவி எடுத்தார்.

"இந்தத் தபா நாந்தான் போட்டேன். அப்பால வந்து யாரு பிரிக்காம வுட்டதுன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்." பிறகு மேடத்தைப் பார்த்தார். "கொஞ்சம் மீன் தண்ணி தெளிக்கட்டுமா மேடம்? ஒரிஜினலா இருக்கும்."

"வேணாம் தேசப்பன். இதுவே போதும்."

ராகவன் இந்த முறை கணினிப் பக்கம் போகவில்லை. மஞ்சள் கோட்டுக்கு வெளியே மேடத்தின் பக்கத்தில் நின்றார். சங்கு ஒலித்தது. அதே கன்டெய்னர் சத்தம். கண்ணாடித் துகள்கள் தரையில் ஓடி அடங்கின. கசிவு இல்லை என்று கை காட்டினார்கள். நான் போனேன்.

நேராகப் பின்சீட்டுக்குப் போகவில்லை. பழக்கம் விடவில்லை. தூரத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று எடுத்தேன். பிறகுதான் குனிந்தேன். முன்சீட்டின் முதுகைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. சீட்டின் விளிம்பைப் பார்த்தேன். பிளாஸ்டிக் தொடைக்கடியில் விசிறி மடிப்பாகச் சுருங்கி, மேட்டின் மேல் இறுகி நின்றது. பெல்ட் இரண்டு இடுப்பெலும்புகளின் மேலும் பட்டையாகப் படிந்திருந்தது. அண்ணியின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது, பஸ்ஸில் தூங்கிவிட்டவர் போல.

"எங்க உக்காந்திருக்காங்க?"

"உக்கார வெச்ச எடத்துலயே இருக்காங்க மேடம். அப்பிடியே இருக்காங்க."

பின்னால் எழுந்த கூச்சலில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. யாரோ விசிலடித்தார்கள். ராகவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தேசப்பன் கோட்டைத் தாண்டாமல் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"படம் எடுத்து முடிச்சிட்டியா மாமு?"

"முடிச்சிட்டேன்."

"அப்ப தொடலாமா?"

"தொடு."

அவர் உடைந்த கண்ணாடி வழியே கையை விட்டு, அண்ணியின் வலக்கையைப் பிடித்து, குத்துச்சண்டை மேடையில் நடுவர் வென்றவர் கையைத் தூக்குவது போல மேலே தூக்கினார். மூட்டின் இறுக்கம் சரியாக இருந்தது. தேசப்பன் விட்ட பிறகும் அந்தக் கை அப்படியே நின்றது. அதையும் ஒரு படம் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே பொறியாளர்கள் வீட்டுக்குக் கேட்டு வாங்கிப்போன ஒரே படம் அது.

அந்தச் சீட்டுதான் எல்லாக் காருக்கும் போனது. கம்பெனி பின்னால் செய்த வண்டிகளுக்கும் அதே மேடுதான். விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பஞ்சுக்கு அடியில் இருக்கிற தகட்டை யார் பார்க்கப் போகிறார்கள்?

பார்த்தேன் என்று சொல்ல ஒரு காலை வந்தது. லோகநாதன் கார் காட்டிவிட்டுப் போன மறுவாரம். எண்ணூர் சாலையோரம் நடந்துகொண்டிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டது. கால் தானாக ஓடியது. தவறான பக்கம் ஏறி வந்த ஒரு தண்ணீர் லாரி, எதிரே வந்த வெள்ளைக் காரின் வலப்பாதி முகத்தில் இடித்து நின்றது. எங்கள் கம்பெனிச் செடான்.

ஓட்டியவன் இளைஞன், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருந்தான். பின்கதவு திறந்திருந்தது. அறுபதை நெருங்கும் ஓர் அம்மாள் இறங்கி நின்று லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். காசிமேட்டு மீன் வியாபாரி, பெயர் கன்னியம்மா என்று பிறகு சொன்னார்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனுக்கு? பின்னாடி டிக்கில ஐஸ் பொட்டி ஒடஞ்சி வவ்வா மீனு அத்தினியும் போச்சே!"

நான் குறுக்கே போனேன். "அம்மா, மொதல்ல சொல்லுங்க. வயித்துல வலி இருக்கா?"

"பசி கீது. காலைலேர்ந்து ஒரு டீத்தண்ணி குடிக்கல."

"பெல்ட் போட்டிருந்தீங்களா?"

"போடாம? டொய்ங் டொய்ங்னு கத்திகினே இருந்துச்சே அந்தக் காரு. அந்தப் பேஜாரு தாங்காம மாட்டிகினேன்." தோளிலும் இடுப்பிலும் பெல்ட் அழுத்திய இடத்தைக் காட்டினார். இடுப்பெலும்பின் மேல்தான். இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி, ஆம்புலன்ஸை அழைத்தேன். அது வருவதற்குள் உள்ளே குனிந்து பார்த்தேன். பின்சீட்டில் பிளாஸ்டிக் உறை. தொடைக்கடியில் அதே விசிறி மடிப்பு.

பிலோமினா மேடத்துக்கு போன் போட்டேன். அவரும் ஓய்வு பெற்று ராயபுரத்து வீட்டில்தான் இருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். அதைக் கேட்டதும் பதில் சொல்லாமல் போனை அந்த அம்மாளிடம் நீட்டினேன்.

"யாரு நைனா இது?"

"அந்தச் சீட்டச் செஞ்சவங்க. நீங்களே சொல்லுங்க."

போனை வாங்கிக் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னா கேள்விம்மா இது? வூட்டாண்ட ஏறி எங்க குந்துனேனோ அங்கியேதான் குந்திகினு இருந்தேன். அந்தச் சீட்டு நவுர வுட்டாத்தானே?"

போன் என் கைக்குத் திரும்பியது.

"கஜா, படம் எடுத்தீங்களா?"

"எடுத்தேன் மேடம். யாரும் தொடுறதுக்கு முன்ன."

"கிட்டத்துல எடுத்தத எனக்கு அனுப்புங்க."

அனுப்பினேன். படத்தின் கீழ், பார்த்ததை மட்டும் எழுதினேன்: 'பின்சீட்டு. பிளாஸ்டிக் கிழியவில்லை. பயணி இறங்கி நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.'